நாற்பது நிமிடத்துப் பிள்ளை

வெளிநாட்டு வேலைக்கு அம்மா விடவே மாட்டாள் என்று தம்பிக்குத் தெரியும். அதனால் ஊர் திரும்புகிற விமான டிக்கெட்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். புறப்பாடு ஒன்பது மணி, வந்து சேர்வது ஒன்பது நாற்பது.

“பாத்துக்கோ, நாப்பதே நிமிஷம். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிப்பேன்.”

பெரிய கெட்டிக்காரன்தான்! அந்த ஊர்க் கடிகாரம் நாலு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஒன்பது அந்த ஊர் மணி, ஒன்பது நாற்பது இந்த ஊர் மணி. இடையில் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், வானத்தில் நாலு மணி நாற்பது நிமிடம். அக்காவுக்கு இது தெரியும். “காட்டிக் கொடுத்துடாதேக்கா” என்று அவன் கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக மூடியே இருந்தாள்.

“எம்பிள்ளை நாப்பது நிமிஷத்துல வந்துடுவான்” என்று அம்மா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்து அவளுக்குக் கால் பிடித்துவிடுகிற மகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாளைக் காலை இதயத்தில் ஆபரேஷன். ஒரு வாரமாகத் தினமும் மகள் தம்பியை வரச்சொல்லிப் போன் போட்டாள். லீவு இல்லை, பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே வந்தவன், இன்று காலையில், “அதான் நீ இருக்கியேக்கா, அப்புறம் என்ன?” என்று வைத்துவிட்டான்.

அதைச் சொல்லியும் அம்மா நம்பவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று நர்ஸ் கேட்டதற்கு, “பையன் வரணும். நாப்பது நிமிஷம்தான்” என்றாள்.

பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று மகள் வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தாள். செல்லப்பிள்ளையின் லட்சணம் இன்றைக்காவது புரியட்டும். ‘எனக்கு நீதாண்டி எல்லாம்’ என்று ஒரே ஒரு தடவை அம்மா வாயால் கேட்டுவிட்டால் போதும் அவளுக்கு.

மாலையில் அம்மா உடைந்துபோனாள். “இவ்வளவு கிட்ட இருந்துகிட்டு என்னை வந்து பாக்க மனசு வரலியேடி அவனுக்கு. நான் என்ன பாவம் பண்ணேன்?”

மகள் காத்திருந்ததென்னவோ இதற்குத்தான். ஆனால் அந்த அழுகையைப் பார்த்ததும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. டிக்கெட், கடிகாரம், நாலு மணி நாற்பது நிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். “அவன் ரொம்ப தூரத்துல இருக்கான்மா. அழாதே.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிந்தது.

“அடக் கடவுளே, அஞ்சு மணி நேரமா? அத்தனை தூரத்துலயா எந்தங்கம் தனியா கிடக்கு?” என்றவள், சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். “தெரிஞ்சுகிட்டேயா தினம் வா வான்னு அவன் உயிரை எடுத்தே? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடி? போடு போனை.”

மகள் போனைப் போட்டு அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, நீ ஒண்ணும் அலையாதே,” என்றாள் அம்மா. “இவளுக்குத்தான் அறிவே கிடையாது.”