பாலத்தைத் தாங்கும் அங்கிகள்

தையல்காரி தைத்து முடித்த முதல் வெள்ளை அங்கி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மேசையை விட்டு எழுந்து கூரையில் ஒட்டிக்கொண்டது. அவள் ஒட்டடைக் கம்பால் அதை இறக்கி, மடித்து, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை வெட்டத் தொடங்கினாள். இன்னும் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது பாக்கி. கர்த்தரின் வருகைக்கு நாள் குறித்து, அதையே சொல்லி ஓட்டுக் கேட்டு ஜெயித்த கட்சி, அந்த நாளில் உடுத்துவதற்காகக் கொடுத்த வேலை அது. தலைநகரில் அமைச்சர்கள் போரையும் சமாதானத்தையும் அந்தத் தேதியை வைத்தே தீர்மானித்தார்கள். ஊரில் நகராட்சித் தலைவர் ஆற்றுப்பாலத்தின் பழுதுபார்ப்பை ரத்து செய்தார். உலகம் முடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் வேலை முடியும் என்று பொறியாளர் எழுதியிருந்தார்.

பாலத்தின் நடுத்தூண் ஏற்கெனவே ஒரு முழம் இறங்கியிருந்தது. அதைக் கடந்துதான் தையல்காரியின் அக்கா வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அளவு கொடுக்க வந்த தலைவரிடம் தையல்காரி நேராகவே கேட்டாள்.

“பாலம் விழுந்துட்டா எங்க அக்கா எப்படிங்க ஆஸ்பத்திரிக்குப் போவா?”

“நீங்களும் ஜெபிக்கிறவங்கதானேம்மா. அடுத்த மாசம் ஆஸ்பத்திரியே தேவைப்படாது.”

“அவர் வரட்டும், சந்தோஷம். இந்த வெள்ளிக்கிழமை அக்காவுக்கு முறை இருக்கே. கையைத் தூக்குங்க, அக்குள் அளவு எடுக்கணும்.”

மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள். “தாராளமா வைடி. பரலோகம் போறப்ப பிடிக்கப் போகுது.”

குறித்த செவ்வாய்க்கிழமை ஊரே அங்கி உடுத்தி மைதானத்தில் நின்றது. மதியம் அங்கிகள் எழும்பி அக்குளில் மாட்டிக்கொண்டன. உள்ளே இருந்தவர்கள் எழும்பவில்லை. குளிப்பாட்டச் சட்டை கழற்றும் பிள்ளைகளைப் போல எல்லோரும் கையைத் தூக்கியபடி பொழுது சாயும் வரை நின்றார்கள். மறுநாள் ஒவ்வொருவராக வந்து அங்கியைத் தையல்கடையில் போட்டார்கள். தையல்காரி ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அன்றே தூண் இன்னொரு முழம் இறங்க, போலீஸ் பாலத்தின் குறுக்கே கயிறு கட்டியது. அக்காவின் முறைக்கு இரண்டு நாள் இருந்தது.

அங்கிகள் பறந்து போய்விடாமல் இருக்க, அவள் ஒன்றின் கையோடு அடுத்ததன் கையைச் சேர்த்து மெஷினில் ஓட்டுத் தையல் போட்டாள். தனியாக ஓர் ஆளைத் தூக்க மாட்டாதவை, மூன்று சேர்ந்ததும் தையல் மெஷினைத் தூக்கின. அவள் எட்டி நூலை அறுத்துவிட்டுத் தலைவர் வீட்டுக்கு நடந்தாள். அவர் தலைகுனிந்தபடி வந்து ஊசிகளில் நூல் கோத்துக் கொடுத்தார். அங்கியைத் திருப்பிப் போட்டவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து தைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தொள்ளாயிரம் அங்கிகளையும் அடியில் கட்டியதும், பாலம் இரண்டு முழம் உயர்ந்து மட்டமாக நின்றது. அக்கா பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கடந்தாள்.

பதினாறு வருடமாகிறது. கட்சி இரண்டு முறை தேதியை மாற்றிவிட்டது. அக்கா வாரம் இரண்டு முறை போய் வருகிறாள். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் நகராட்சி ஆட்கள் இறங்கி, வரிசை வரிசையாக அங்கிகளைத் துவைக்கிறார்கள். தலைவருடையது மட்டும் ஒவ்வொரு வருடமும் அக்குளில் பிரிந்துவிடுகிறது. தையல்காரி போய், அங்கேயே நின்று தைத்துக் கொடுத்துவிட்டு வருகிறாள்.