ஓட விட்ட தண்ணீர்

பத்து வீட்டுத் தண்ணீரும் பரிசோதனையில் தேறிவிட்டது. தேறியதுதான் வினையாகப் போனது.

குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் மாதிரி சேகரிக்கிற வேலை அவளுக்கு. வீடு வீடாகப் போய் பாட்டில் கொடுத்து, நிரம்பியதை வாங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் அவளுக்குப் பாட்டில்காரி என்றே பெயர். புதிதாகக் கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பழைய ஈயக் குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிது பதிக்க அரசு பணம் தருகிறது. எல்லாத் தெருவுக்கும் ஒரேயடியாகக் கிடையாது. எந்தத் தெருத் தண்ணீரில் ஈயம் இருப்பது பரிசோதனையில் தெரிகிறதோ, அதுதான் பட்டியலில் ஏறும். மற்றவை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

இந்தத் தெருவில் மண்ணுக்குள் கிடப்பது ஈயம்தான். மீட்டருக்குப் பக்கத்தில் பிளம்பர் நாணயத்தால் குழாயைச் சுரண்டிக் காட்டியபோது வெள்ளியாய்ப் பளபளத்ததை அவளே குனிந்து பார்த்திருந்தாள். அப்படியிருக்க, பத்து வீட்டிலும் ஈயம் இல்லை என்று முடிவு வந்தால் யார் நம்புவது? பொறியாளர் நம்பினார். பட்டியலிலிருந்து ஒரு தெரு குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்கூட.

அவள் நம்பவில்லை. அந்தத் தெருவில் ஏழாம் எண் வீடு, அவள் அண்ணி என்று கூப்பிடுகிற கணவனின் அக்காவுடையது. அண்ணியின் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். ஈயம் வயிற்றுப் பிள்ளையைத்தான் அதிகம் படுத்தும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே கிளம்பிப் போனாள்.

அண்ணி சமையலறைக் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் குழாய்கூடக் குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தரும்.

"அண்ணி, அன்னிக்குப் பாட்டில்ல தண்ணி எப்படிப் பிடிச்சீங்க?"

"எப்படிப் பிடிப்பாங்க? பத்து நிமிஷம் ஓட விட்டேன். பாட்டிலை ரெண்டு தடவை அலசினேன். அப்புறம் பிடிச்சேன். ராத்திரி பூரா குழாய்க்குள்ள கிடந்த பழைய தண்ணியவா கவர்மென்டுக்குக் குடுப்பாங்க?"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பழைய தண்ணீர்தான் வேண்டும். இரவெல்லாம் குழாயில் தேங்கி நிற்கும்போதுதான் ஈயம் தண்ணீரில் இறங்கும். ஓட விட்டால் அதெல்லாம் கழிந்து, தெருவின் ஈயமில்லாத பெரிய குழாயிலிருந்து புதுத் தண்ணீர் வந்துவிடும்.

"காலையில முதல்ல வர்ற தண்ணின்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, அண்ணி."

"சொன்னே. சின்னவ, தெரியாம சொல்றேன்னு நெனச்சேன். நீ அந்தப் பக்கம் போனதும் மத்த ஒம்பது வீட்டுக்கும் நானே போயி, நம்ம வீட்டுப் பொண்ணு ஆபீஸ்ல தலைநிமிந்து நிக்கணும், நல்ல தண்ணியா குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

இதற்கு எப்படிக் கோபப்படுவது? பாசத்தில் செய்த காரியம் குழியில் தள்ளிவிட்டது.

நேரே பொறியாளரிடம் போனாள். நல்ல மனிதர்தான். கையெழுத்துப் போடுவதென்றால் மட்டும் அவருக்குக் கை வலிக்கும். "மறுபடி எடுக்கணும்னா முதல்ல எடுத்தது தப்புன்னு யாராவது எழுதித் தரணுமேம்மா."

"நான் எழுதித் தரேன் சார்."

"உன் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்கவில்லை, யோசித்தால் எழுத மாட்டோம் என்று அவளுக்கே தெரியும். மாதிரிகள் முறைப்படி எடுக்கப்படவில்லை, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்துப் புது பாட்டில்களோடு வந்தாள். பட்டியல் முடிய ஒரே வாரம்தான் இருந்தது.

அண்ணி முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஊரே பார்க்கிற காகிதத்துல ஏழாம் நம்பர் தண்ணி கெட்டதுன்னு வரணுமா? என் வீட்டை ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல."

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, அத்தை கேக்கற தண்ணியக் குடும்மா. நல்லாயிருந்தா நல்லாயிருக்குன்னு வரட்டும்."

மறுநாள் விடியற்காலையில் அண்ணி குழாயடியில் காவல் நின்றாள். பல் தேய்க்க வந்த கணவரைக்கூட விரட்டிவிட்டுத்தான் பாட்டிலைப் பிடித்தாள். அவள் கொடுத்ததைப் பார்த்து மற்ற ஒன்பது வீட்டாரும் கொடுத்தார்கள்.

முடிவு நான்கு நாளில் வந்தது. எட்டு வீட்டுத் தண்ணீரில் ஈயம் அளவுக்கு மேல். எல்லாவற்றிலும் அதிகம் ஏழாம் எண்ணில்.

தாளை அண்ணியிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணி இரண்டு முறை படித்தாள்.

"கொதிக்க வெச்சா போயிடும்ல?"

"போகாது அண்ணி. கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் வத்தும். ஈயம் அப்படியே இருக்கும்."

அண்ணி உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தினம் நான்தான் முதல்ல எந்திரிக்கிறேன். எந்திரிச்சதும் வர்ற தண்ணியக் கொதிக்க வெச்சு, அவளுக்குன்னு தனியா எடுத்து வெக்கிறேன்."

"ஓட விட்டுட்டுத்தானே பிடிப்பீங்க?"

"கவர்மென்டுக்குத்தான் ஓட விட்டேன். வீட்டுக்குன்னா வீணாப்போகும்னு ஒரு சொட்டு விட மாட்டேன்."

அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சியில் கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: இன்றே மகளுக்கு ரத்தப் பரிசோதனை, புதுக் குழாய் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் அலுவலகம் தரும் கேன் தண்ணீர், டாக்டர் சொல்கிறபடி சாப்பாடு. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகக் கூடத்தில் தெருக்காரர்களைக் கூட்டிவைத்துப் பட்டியலை வாசித்தார்கள். தெரு ஏறியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒப்பந்தம் என்ன ஆகும் என்ற கவலை அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

"ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிச்சு வரிசையா வருவோம்" என்றார் பொறியாளர். "ஏழாம் நம்பருக்கு வர ரெண்டு மாசம் ஆயிடும்."

பின்வரிசையில் அண்ணி எழுந்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

"எங்க வீட்டுத் தண்ணிதான் இந்தத் தெருவுலயே மோசம்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "எம் பொண்ணு மாசமா இருக்கா. என் கையாலதான் அந்தத் தண்ணியக் குடுத்துக்கிட்டு இருந்தேன். தயவுசெஞ்சு எங்க வீட்டுல முதல்ல தோண்டுங்க."

இத்தனை வருடத்தில் அண்ணி யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. ஒன்றாம் எண் வீட்டுக்காரர் எழுந்து, அவர்களுக்கே முதலில் போடுங்கள் என்றார். பொறியாளர் வரிசையின் தலைப்பில் இருந்த ஒன்று என்ற எண்ணை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார்.