நோன்பாளியின் வாய்

கிளேபாங் ஊரில் யூனுஸின் மளிகைக் கடைக்குப் பேரீச்சம்பழம் வாங்க வந்த நஜ்வா, கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை ஜொஹராவை உற்றுப் பார்த்தாள். ஜொஹராவின் தாடை எதையோ மென்றுகொண்டே இருந்தது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

“என்ன லாத்தா, எங்களுக்கெல்லாம் மஃரிபுக்குத்தான் நோன்பு தொறப்பு. ஒங்களுக்கு மட்டும் பகல்லயேவா லா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நான் நோன்புதாம்மா,” என்றாள் ஜொஹரா. அப்போதும் வாய் மென்றது.

யூனுஸின் முகம் சுண்டிப்போயிற்று. தங்கையைச் சரக்கறைக்குள் அழைத்துப்போய், “தொற வாய!” என்றார். வாயில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் மனம் ஆறவில்லை. மனநோய்க்காக அவள் பதினைந்து வருடமாக மாதந்தோறும் ஊசி போட்டு வருகிறாள். இந்த மெல்லல் வந்து இரண்டு வருடமாகிறது.

“தூங்குறப்ப வாய் சும்மாத்தானே கெடக்கு? முழிச்சா மட்டும் ஆட்டுறே. வேணும்னே பண்றே!”

அன்றிலிருந்து அவளுக்குக் கடையும் இல்லை. நோன்பு திறக்கும் விரிப்பில் இடமும் இல்லை. அடுக்களையில் தனியாக நோன்பு திறந்தாள்.

அடுத்த ஊசி நாளில், கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த தாதி ஷரோன் இருவரையும் உள்ளே உட்கார வைத்தாள்.

“அக்கா, பல்செட் ஏதும் மாட்டியிருக்கீங்களா? வாய்க்குள்ள வேற ஏதாவது இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு கைகளை முழங்காலில் வைக்கச் சொன்னாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னாள். விரல் தட்டத் தட்ட ஜொஹராவின் வாய் இன்னும் வேகமாக மென்றது. கால்விரல்களும் நெளிந்தன. ஷரோன் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள்.

“இது அவங்க பண்றது இல்ல, அங்கிள். ரொம்ப வருஷம் போட்ட மருந்தால வர்றது. தூங்குனா நின்னுரும்.”

“ரெண்டு வருஷமா இருக்கு…”

“இங்க நாங்களும் கவனிக்காம விட்டுட்டோம். ஆரம்பத்துலயே பார்த்திருந்தா நல்லது. டாக்டர் மருந்த மாத்திப் பார்ப்பாரு. ஆனா முழுசா போயிரும்னு சொல்ல முடியாது. நீங்களா ஊசிய நிறுத்திடாதீங்க.”

சொல்லிக்கொண்டே அவள் ஜொஹராவின் மோவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள். யூனுஸ் தலை குனிந்தார். இத்தனை நாளில் அவர் ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை.

வெளியே வந்ததும் அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிரு புள்ள. இன்னைக்கு எங்ககூட ஒக்காந்து நோன்பு தொற. கடைக்கும் வா.”

“விரிப்புக்கு வர்றேன், நானா. கடைக்கு வேணாம். நீங்களே நம்பாதத ஊரு எங்க நம்பும்?” என்று அண்ணனிடம் சொன்னாள் ஜொஹரா. மென்றுகொண்டிருந்த வாயைக் கையால் அழுத்திப் பார்த்தாள், அது நிற்கவில்லை. “சீக்காளி ஒடம்புல புதுசா ஒண்ணு தெரிஞ்சா, கோவப்படுறதுக்கு முன்னாடி, ‘ஒனக்கு என்ன செய்யுது’ன்னு கேக்கணும், நானா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ரெண்டு வருஷமா காத்திருந்தேன்.”