மூன்றாம் திருப்பத்தில் படம் இல்லை

குளியலறைக் கதவின் கைப்பிடியை அவள் மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் படுத்திருந்த அப்பா, "சோப்பு, விட்டுடு. அந்தக் கைப்பிடி தேஞ்சு போயிடப் போகுது" என்றார். அவர் அடித்த கடைசிக் கிண்டல் அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சோப்பு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு நர்ஸ் அவள். பன்னிரண்டு வருடமாக யாருக்கும் ஊசி போட்டதில்லை, நாடி பிடித்ததில்லை. வார்டு வார்டாகப் போய் யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று எழுதிக்கொள்வதுதான் வேலை. பெரிய பெரிய சர்ஜன்கள்கூட அவள் தலையைக் கண்டால் குழாயைத் தேடி ஓடுவார்கள். முதுகுக்குப் பின்னால் சோப்பு சிஸ்டர் என்பார்கள். அது எப்படியோ வீடு வரைக்கும் வந்துசேர்ந்தபோது, அப்பா சிஸ்டரைக் கழற்றிவிட்டு சோப்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

கப்பலில் அன்று ஐந்தாம் நாள். காலை ஆறு நாற்பதுக்கு அப்பா முதல் தடவை வாந்தி எடுத்தார். அவள் உடனே கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டாள். அம்மாவைப் பால்கனிக்கு அனுப்பிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அப்பா ஒரு டம்ளரையும் ஒரு துண்டையும் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்றாள். அம்மாவின் பழைய செருப்பு குளியலறை வாசலில் கிடந்தது. அதையும் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டாள். நோட்டை எடுத்து எழுதினாள்: 6.40, வாந்தி. காய்ச்சல் இல்லை.

இரண்டு நாளாகவே கப்பலில் வயிற்றுத் தொற்று. நான்காம் தளத்தில் ஒரு வரிசை அறைகளை மூடிவிட்டார்கள். வாந்தி, பேதி யாருக்கு இருந்தாலும் உடனே கிளினிக்குக்குச் சொல்லவேண்டும் என்று தினமும் காலையில் ஒலிபெருக்கியில் கேப்டன் கேட்டுக்கொண்டார். சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். நோயாளி தனி அறைக்கு, மற்றவர்களுக்கு மூன்று நாள் அறைக்காவல். இப்படிப்பட்ட விதிகளை எழுதுகிறவளே அவள்தான்.

"சொல்லிடாதே" என்றார் அப்பா. "நாளைக்குத் தீவுல இறக்கி விடுறாங்க. உங்கம்மா அதுக்குன்னு செருப்பு வாங்கி மூணு மாசம் ஆச்சு. இன்னும் அட்டையைக்கூடப் பிரிக்கல."

"சொல்லணும்ப்பா. சொல்லாம இருந்தா தப்பு."

"நீ இருக்கியே. அவங்க என்ன உன்னைவிடப் பெருசா பார்த்துடப் போறாங்க?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்தாள். உண்மைதானே என்று பட்டது. கிளினிக்கில் செய்வதைவிடச் சுத்தமாக அவளே செய்வாள். ஒரு கிருமி இந்த அறையைத் தாண்டாது. சாயங்காலம் வரை பார்ப்போம், நிற்காவிட்டால் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தாள். 8.15, வாந்தி. 9.10, வியர்வை, உடம்பு சில்லென்று இருக்கிறது. 10.30, வாந்தி, தாடை வலிக்கிறது என்கிறார். குமட்டிக் குமட்டித் தாடை பிடித்துக்கொண்டிருக்கும் என்று அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதினாள்.

இந்தப் பயணம் வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள். இதே நோட்டில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'போகலாம்', மறுபக்கம் 'வேண்டாம்' என்று எழுதினாள். 'வேண்டாம்' பக்கம் வழிந்து அடுத்த தாளுக்குப் போனது. ஆயிரம் பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிற இடம், ஒரே கரண்டியை ஆளாளுக்குத் தொடுகிற சாப்பாட்டுக்கூடம், கரை இறங்க விடமாட்டோம் என்று ஏதாவது துறைமுகம் மறுத்துவிட்டால் நடுக்கடலில் நிற்கவேண்டிய கதி. 'போகலாம்' பக்கத்தில் ஒரே ஒரு வரி: அப்பாவுக்கு ஆசை. கடைசியில் அந்த ஒரு வரிதான் ஜெயித்தது. ஆனால் நிபந்தனைகளோடு. பால்கனி உள்ள அறை. தட்டேந்தி எடுத்துப் போட்டுக்கொள்ளும் சாப்பாடு கிடையாது. நீச்சல்குளம் கிடையாது. லிப்ட் கிடையவே கிடையாது. மூடின பெட்டி, எல்லோரும் அமுக்குகிற பொத்தான், அதைவிட மோசமான இடம் கப்பலில் வேறில்லை.

அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பத்தாறு வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினவனைப் படியேற வைக்கிறாளே, இந்த அநியாயத்தைக் கேக்க ஆள் இல்லையா?" என்று முதல் நாளே புலம்பினார். ஆனாலும் ஏறினார். அவர்கள் அறை ஆறாம் தளம், சாப்பாட்டுக்கூடம் இரண்டாம் தளம். ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஏறுவதற்கு முன் லிப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே எங்கோ கிறீச்சென்றது. "ரோலர். எண்ணெய் கேக்குது" என்று, சொந்தக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோலக் கவலைப்பட்டுவிட்டுப் படியைப் பிடித்தார். படித் திருப்பங்களில் பழைய கப்பல்களின் படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று படம் பார்த்தார். அவள் ஒரு மாடி மேலே நின்று, "வாங்கப்பா, மியூசியமா இது?" என்பாள்.

பன்னிரண்டரை மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் ஜன்னலைத் திறயேன்" என்றார். அந்த அறையில் ஜன்னல் இல்லை. நாக்கு வறண்டு ஏதோ உளறுகிறார் என்று நினைத்து, அவள் திரும்பி நின்று தண்ணீரில் உப்பை அளந்து கலக்கினாள். ஸ்பூன் டம்ளரில் தட்டும் சத்தம் அடங்கியபோது வேறு எந்தச் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். அப்பா பக்கவாட்டில் சாய்ந்திருந்தார்.

அதன் பிறகு எல்லாம் கைகளே செய்தன. போனில் கத்தினாள். அவரைத் தரையில் இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கினாள். எண்ணினாள். முழுப் பாதுகாப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் டாக்டரும் வந்து அவளை நகர்த்தினார்கள். அவர்களும் அமுக்கினார்கள், மின்சாரம் கொடுத்தார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஏன் பார்க்கிறார் என்பது ஒரு நர்சுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார் டாக்டர், பேனாவை எடுத்தபடி.

அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. "ஒரு மணி நேரம் இருக்கும். வாந்தி."

பால்கனிக் கதவு திறந்திருந்தது. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக மகள் பேச்சை மீறி உள்ளே வந்திருந்தாள்.

வாந்தி என்று சொன்னதால் கப்பலில் எல்லாம் முறைப்படி நடந்தது. அப்பாவை நீளமான பையில் வைத்து, வெளியே மருந்து தெளித்துக் கொண்டுபோனார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை இவர்கள் இரண்டு பேரும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. கதவில் சிவப்பு அட்டை ஒட்டினார்கள். நடைபாதை முனையில் லிப்ட் கதவு திறக்கும் மணியோசையும், பிறகு கீழே இறங்கும் கிறீச்சொலியும் கேட்டன. அப்பா அந்த லிப்டில் போனது அதுதான் முதல் தடவை.

அம்மா அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாற்காலியில் கிடந்த அப்பாவின் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, அதைத் தொடாதே. துவைக்காம..." என்றாள் அவள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கடைத்தெருவில் யாரோ எவரோ கூப்பிட்டதுபோல ஒரு பார்வை. பிறகு குனிந்து கையை மடித்து, காலரை நீவி, சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இன்னும் கையுறை இருந்தது. காலையிலிருந்து ஏழு ஜோடி மாற்றியிருந்தாள். அப்பாவின் நெற்றியைத் தொட்டது, வாயைத் துடைத்தது, நெஞ்சை அமுக்கியது எல்லாமே ரப்பர்தான். அவர் உடம்பு சில்லென்று இருந்தது என்று எழுதினாளே, அந்தக் குளிர்ச்சி எப்படி இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் பழக்கதோஷத்தில் குழாயைத் துடைத்தாள்.

நர்சிங் படித்த காலத்தில் ஒரு டீச்சர் அடித்து அடித்துச் சொன்ன பாடம் அங்கே நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம். வாந்தி வரும், வியர்க்கும், தாடை வலிக்கும். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நோட்டைத் திறந்து பார்த்தாள். வாந்தி, வியர்வை, தாடை. அவள் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது. எழுதும்போது அவள் கண்ணுக்குக் கிருமி மட்டும்தான் தெரிந்தது.

மணி ஐந்தரைக்குப் போன் அடித்தது. டாக்டர்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றாள் அம்மா.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. தொற்று எதுவும் இல்லை" என்றார் டாக்டர். அவரும் இரண்டு நாளாகத் தூங்காத குரலில்தான் பேசினார். "ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். ஹார்ட் அட்டாக். உங்களை இனிமே ரூம்ல வைக்க வேண்டியதில்லை. கீழே வந்து பார்க்கலாம்."

"சரி டாக்டர்."

"ஒண்ணு மட்டும் கேக்கணும். ஒரு மணி நேரம்னு சொன்னீங்க. ரத்தத்துல இருக்கற ஹார்ட் என்சைம் அளவைப் பார்த்தா ரொம்ப நேரம் முன்னாடியே ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. சில பேருக்கு வெளியே தெரியாது, அப்படியும் இருக்கலாம். அப்படியே எழுதிடட்டுமா?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு, போ என்று சொல்வதுபோல இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவள் சோப்பு சிஸ்டராகவே இருப்பாள், வீட்டில் மகளாகவே இருப்பாள். பக்கத்தில் அம்மா அப்பாவின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டை மூடிவிடலாம் என்று கை போனது. கை கழுவாமலே கழுவினேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேரை அவள் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறாள்.

"இல்ல டாக்டர். காலைல ஆறு நாப்பதுக்கு ஆரம்பிச்சது" என்றாள். "வயித்துத் தொற்றுன்னு நினைச்சேன். சொன்னா ரூம்ல போட்டுப் பூட்டிடுவீங்கன்னு சொல்லல. நான் நர்ஸ். எழுதி வச்சிருக்கேன், கொண்டு வரேன்."

"சரிம்மா. எழுதிக்கிறேன்" என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அவள் அம்மாவைப் பார்க்காமல் நின்றாள். திட்டட்டும் என்று இருந்தது. இரண்டு அறை அறைந்தால்கூட நிம்மதியாக இருக்கும்.

"ஆறு நாப்பது இல்ல" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"கப்பல் ஏறின மறுநாளே. படியில நின்னு நின்னு படம் பார்த்தாரே, ஞாபகம் இருக்கா? மூணாவது திருப்பத்துல படமே கிடையாது. வெறும் சுவரு. அங்கயும் நின்னாரு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. என்னங்க ஆச்சுன்னு கேட்டேன். சோப்புகிட்ட சொல்லிடாதே, என்னை ரூம்ல போட்டுப் பூட்டிடுவான்னு சிரிச்சாரு." அம்மா கடைசிப் பொத்தானைப் போட்டாள். "நானும் சொல்லல."

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா, இல்லை குற்றத்தில் பங்கு கேட்டு வந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பால்கனிக்கு வெளியே கடல் போய்க்கொண்டே இருந்தது.

"போலாம்" என்று கடைசியில் அம்மாதான் எழுந்தாள். பழைய செருப்பு இன்னும் பிளீச்சிங் தண்ணீரில் வெளுத்துக்கொண்டிருந்தது. பையைத் திறந்து, அட்டையைப் பிரித்து, தீவுக்கு என்று வாங்கிய நீல ரப்பர் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள்.

நடைபாதையில் அவள் கால்கள் தானாகப் படிப்பக்கம் திரும்பின. நாலு எட்டு வைத்த பிறகுதான் அம்மா கூட வரவில்லை என்பது தெரிந்தது. அம்மா லிப்டுக்கு எதிரே நின்று பொத்தானை அமுக்கியிருந்தாள். அவள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள்.

லிப்ட் வந்து கதவு திறந்தது. அம்மா உடனே ஏறவில்லை. பெட்டி தரையோடு சமமாக நிற்கிறதா என்று ஒரு நொடி குனிந்து பார்த்துவிட்டு ஏறினாள். எந்த லிப்டிலும் அப்படித்தான் ஏறவேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

"எதை அமுக்கணும்?" என்று கேட்டாள் அம்மா.

"கடைசி. எல்லாத்துக்கும் கீழே இருக்கு."

அம்மா இப்போது சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவள் வலது கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஆயிரம் பேர் அமுக்கித் தேய்ந்த அந்தப் பொத்தானை வெறும் விரலால் அமுக்கினாள்.

கதவு மூடியது. ஐந்தாம் தளம், நான்காம் தளம் என்று எண்கள் இறங்கின. மூன்றைத் தாண்டும்போது தலைக்கு மேலே எங்கோ கிறீச்சென்றது.

"எண்ணெய் கேக்குது" என்றாள் அம்மா.