மீன் கொட்டகைக்குப் பின்னால்

பெற்ற பிள்ளை அழுதால் அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவதுபோல் இருந்தது தியோங்கேவுக்கு. பால் கொடுத்தாள், துணி மாற்றினாள். மனம் மட்டும் எதிலும் ஒட்டவில்லை. வயிற்றில் இருந்தபோதே தொடங்கியது இது. தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போன கணவன் லிம்பானியின் பேச்சும் பணமும் ஒன்றாய் நின்றுபோன சமயம். நிறைமாதம்வரை மந்தாசி என்னும் இனிப்பு மாவுருண்டை பொரித்து ந்திராண்டே சந்தையில் விற்றவள், இப்போது அடுப்பையே பற்றவைப்பதில்லை.

"மகாராணி இன்னும் எழுந்தருளலையா?" என்றபடி பக்கத்து வீட்டு சியோனே தினமும் கஞ்சி கொண்டுவருவாள். கருவாடு விற்பவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. அவள்தான் தியோங்கேவைத் தடுப்பூசிக்கு இழுத்துப்போனாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தாய்மாரிடம் வரிசையாக நலம் கேட்டாள். எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். தியோங்கே தலை நிமிர்ந்தாள்.

"நான் நல்லா இல்ல சிஸ்டர். பிள்ளைய பாத்தா ஒண்ணுமே தோணல. சில நாள் கண்ணு முழிக்காமலே போயிட்டா தேவலன்னு இருக்கு."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். சியோனே திரும்பினாள். "எவ அவ? புருஷன் கைவிட்டு, வீட்டுல மாவில்லாம ஒரு வாரம் இருந்து பாரு. அப்புறம் சிரி."

"இதுவும் நோய்தாம்மா, குணமாகும்," என்றாள் நர்ஸ். "இன்னைக்கே டாக்டர பாத்துட்டுப் போ. வியாழக்கிழமை காலையில உன்னமாதிரி தாய்மாருங்க இங்க உக்காந்து பேசுவாங்க. நீயும் வா."

"நாளைக்கு நான் மறுபடி அடுப்பு பத்தவச்சாலும், காலையில இங்க வந்தா யாவாரம் போச்சு, யாவாரம் போனா சோறு போச்சு. வெறும் வயித்தோட என்னத்த பேசுறது? நீங்க சந்தைக்கு வாங்க. மத்தியானம் அங்க ஈ ஓட்டிக்கிட்டுதான் இருப்போம்."

சொன்ன பிறகுதான், தனக்காகத் தான் வாதாடி வெகுகாலமாயிற்று என்று தியோங்கேவுக்கு உறைத்தது.

அடுத்த வியாழன் மத்தியானம் நர்ஸ் சந்தைக்கே வந்தாள். மீன் கொட்டகைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். முதல் வாரம் வந்தவர்களில், அன்று சிரித்தவளும் ஒருத்தி. வாயைத் திறக்குமுன்பே அழுதுவிட்டாள்.

மாத்திரையும் பேச்சும் ஒரே நாளில் எதையும் மாற்றவில்லை. சில காலைகள் இன்னும் கல்லாய்க் கனத்தன. ஆனாலும் சியோனே வாங்கிப்போட்ட மாவில் அடுப்பு எரிந்தது, கூடை சந்தைக்குப் போனது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள், முதுகில் கட்டியிருந்த பிள்ளை பல்லில்லாத வாயால் அவள் தோளைக் கடித்தது.

"ஏய், யாரடி கடிக்கிற நீ?" துணியை அவிழ்த்து முன்னால் எடுத்து முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எம்மா, எனக்கு மந்தாசிய குடுத்துட்டுக் கொஞ்சக்கூடாதா?" என்றார் வாங்க வந்தவர்.

"சும்மா இருய்யா!" கருவாட்டுக் குவியலுக்குப் பின்னாலிருந்து சியோனே கத்தினாள். "மந்தாசி எங்கயும் ஓடிடாது."