கூலி 1 முதல் கூலி 40 வரை

கப்பலிலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே உடல், ஒரே தலைப்பாகை. தலைக்கு மேலே கூலி 1, கூலி 2 என்று நாற்பது வரை எண். பின்னால் குடையோடு இறங்கிய, எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணிக்கு மட்டும் தனி முகமும் மீசையும் பெயரும் இருந்தன. அந்தோனிப்பிள்ளை.

இன்னும் வெளிவராத கணினி வியூக விளையாட்டு அது. காட்டை அழித்து ரப்பர்த் தோட்டம் போட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன நிறுவனம் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. முன்கூட்டியே ஆடிப் பார்த்துக் குறை சொல்லச் சேர்த்திருந்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. பண்டமாரானில் இருக்கிறேன். துறைமுகத்தில் எந்தக் கண்டெய்னர் மேல் எந்தக் கண்டெய்னர் என்று திட்டம் போடுவது என் வேலை. கண்டெய்னர்கள் கனவில் வர ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. சோதனை முடிந்ததும் முழுநேர வேலைக்கு எடுத்துக்கொள்வதாக நிறுவனத்தை நடத்தும் சிவேந்திரன் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு ரொம்பவே வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் மலேரியா வந்தது. திரையில் ஒரு பெட்டி: 'கூலி 17 நீக்கப்பட்டது. நிரப்பவா?' ஆம் என்று அழுத்தினேன். வேறொரு கூலி 17 வந்து நின்றான்.

மறுநாள் கோமுட்டர் ரயிலில் ஒரு ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு பக்கத்துக்கு வந்து, பனியில் வண்டி ஓட்டிவிட்டுக் காணாமல் போகிறவனுக்குக்கூட அதில் அப்பா பெயரோடு சேர்த்து நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதற்குமேல் படிக்க ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குறை எழுதினேன். 'தொழிலாளர்களுக்குப் பெயர் இல்லை.' அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'இது குறையல்ல, வடிவமைப்பு. மூடிவிடவும்.'

நான் மூடவில்லை. குறையைத் திறந்தவர்தான் அதை மூட முடியும். தங்கள் தவறைத் தாங்களே சத்தமில்லாமல் மூடிவிடக் கூடாது என்று சிவேந்திரனே தன் ஆட்களுக்குப் போட்ட விதி அது. குறைப் பட்டியல் காலியானால்தான் சிங்கப்பூர் வெளியீட்டாளர் ஆட்டத்தை அடுத்த கட்டத்துக்கு விடுவார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை பட்டியலில் மிச்சமிருந்தது என்னுடையது மட்டும்.

அன்று சிவேந்திரன் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொல்லி, சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். நல்லபடியாகத்தான் பேசினார். அந்தக் கிராணி அவருடைய கொள்ளுத்தாத்தாவாம். வீட்டில் படம் இருந்ததால் முகத்தை அப்படியே வரைந்தார்களாம்.

"கூலிங்க போட்டோ எங்க இருக்கு? அவங்க பேர் யாருக்குத் தெரியும், சொல்லு."

"உங்க கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரியும், அண்ணே. தினமும் காலையில பெரட்டுல நிக்க வெச்சு ஒவ்வொரு பேரா கூப்பிட்டது அவர்தானே."

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் கலக்க ஒன்றும் இல்லை.

"இது கேம் லா. நாப்பது பேருக்குப் பேர் வெச்சா ஆடுறவன் குழம்பிடுவான்."

"நம்பர் கண்டெய்னருக்குத்தான், அண்ணே."

நாளைக்குள் மூடாவிட்டால் வேலையை மறந்துவிடு என்றார்.

வியாழன் மதியம் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தேன். ஒரு குறை போதவில்லை என்றால் நாற்பதாக எழுதிவிடலாம். 'கூலி 1-க்குப் பெயர் இல்லை. பக்கிரிசாமி என்று இருக்க வேண்டும்.' இரண்டாவது ஆளைப் பெண்ணாக்கினேன், இராஜம்மா. எங்கள் பிளாட்டின் தபால் பெட்டிகளிலிருந்து சில பெயர்களையும், துறைமுகக் கேண்டீனிலிருந்து சிலவற்றையும் எடுத்துக்கொண்டேன். கூலி 17-க்கு ராதாகிருஷ்ணன் என்று வைத்தேன். அவ்வளவு நீளமான பெயரை அந்தச் சின்னப் பெட்டியில் போட்டு 'நிரப்பவா' என்று கேட்பது கஷ்டம். முப்பத்தொன்றாவதை அனுப்பியதும் திரை வெளுத்தது. என் கணக்கையே நீக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சிவேந்திரன் போன் செய்தார். முதலில் எழுதியதோடு சேர்த்து முப்பத்திரண்டு குறைகள் பட்டியலில் அப்படியே நிற்கின்றன. திறந்தவள் இல்லை என்பதால் மூட ஆளில்லை. சிங்கப்பூரிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

"உன் பழைய கணக்கைத் திரும்பத் திறந்து விடுறேன். எல்லாத்தையும் மூடிட்டுப் போயிடு, மாதவி."

"வேலை, அண்ணே?"

"அது முடிஞ்சு போச்சு லா."

இனி அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

"பேரைப் போடுங்க, மூடுறேன்," என்றேன். "ஒரு பேர் போட்டா ஒண்ணு மூடுவேன்."

அவர் போனை வைத்தார். பத்து நிமிடத்தில் கணக்கு திறந்தது. முப்பத்திரண்டும் வரிசையாக எனக்காகக் காத்திருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'மூடு' என்ற பொத்தானோடு.

நான் புதிதாக ஒன்றைத் திறந்தேன். 'கூலி 32-க்குப் பெயர் இல்லை. தனலெட்சுமி என்று இருக்க வேண்டும்.'