டி-யில் நிற்காத சுரம்

எங்கள் இசைக்குழு ஒத்திகை பார்ப்பது கோவை கணபதிப் பகுதியில், மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில். சனிக்கிழமை பல்லடத்தில் ஒரு திருமண வரவேற்பு. அங்கே ஒரு பாட்டின் நடுவே கிட்டார் தனித்து ஒலிக்கும் இடம் எனக்குத் தரப்பட்டிருந்தது. இன்றைக்குள் அது சரியாக வராவிட்டால் கீபோர்டு வாசிக்கும் தேஜாவுக்குப் போய்விடும் என்று, குழுவை நடத்துபவரும் பாடகருமான ரோஹன் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்திருந்தார்.

வாசிக்க வேண்டியது டோரியன் என்ற மேற்கத்திய சுரவரிசை. சி மேஜரின் அதே ஏழு சுரங்கள்தாம். ஆனால் சி-க்குத் திரும்பாமல் டி-யையே ஆதாரமாகக் கொண்டு நிற்க வேண்டும். சங்கராபரணத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் கரகரப்பிரியா கிடைப்பதைப் போன்றது. வீட்டில், கைபேசியில் டி-க்குத் தம்புராவை ஒலிக்கவிட்டு வாசித்தால் நன்றாகவே வந்தது. இங்கே மாடியேறி வந்தாலோ, டி-யில் முடித்த பிறகும் முடிந்ததாகத் தோன்றவில்லை. ஏதோ ஒன்று, ஒரு படி இறங்கச் சொல்லி விரலை இழுத்தது. நானும் சி-க்கு இறங்கிவிடுவேன்.

“ஏனுங்க அக்ஷிதா, மறுபடியும் அம்மா ஊட்டுக்கே போயிட்டீங்களா?” என்றார் ரோஹன். “கட்டிக் குடுத்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க.”

“ஆடிக்கு அழைச்சிருப்பாங்க, உடுங்க” என்றார் டிரம்ஸ் வாசிக்கும் மனோஜ்குமார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமலிருப்பது முறையன்று என்பதால் நானும் சிரித்தேன்.

மறுபடியும் தொடங்கினோம். பேஸ் கிட்டாருக்கு ஆள் இல்லாததால் தேஜாவின் இடக்கைதான் எங்களுக்கு அடித்தளம். தற்செயலாக அந்தக் கையைப் பார்த்தேன். நான் டி-யை எட்டிய அதே நொடியில், அது டி மைனர் கார்டை விட்டு ஓசையில்லாமல் சி-க்கு நகர்ந்தது.

“தேஜா, கடைசீல சி வெக்கறீங்களா?”

“ஆமாங்க.” அவர் தயங்கினார். “மொத நாளு நீங்க சி-ல முடிச்சுப்போட்டீங்க. தப்பாத் தெரியக் கூடாதுன்னு அடியில சி குடுத்தேனுங்க. அப்புறம் அப்படியே குடுத்துட்டிருக்கறேன்.”

“ரெண்டு வாரமாவா? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?”

“எப்படிங்க சொல்றது? சங்கடப்படுவீங்கல்ல.”

இரண்டு வாரமாக என் காதையல்லவா நொந்துகொண்டிருந்தேன்!

“தயவுசெஞ்சு எனக்கு ஒத்தாசை பண்ணாதீங்க!” குரல் நான் எண்ணியதைவிட உரத்துவிட்டது. “டி மைனர்லயே இருங்க. உழுந்தா நான் உழுந்துட்டுப் போறேன்.”

மனோஜ்குமார் குச்சிகளைத் தட்டித் தாளத்தைத் தொடங்கினார்.

வாசித்தேன். கோபத்தில் விரல் பழக்கப்படி சி-யிலேயே போய் நின்றது. தேஜா அசையவில்லை. தாங்குவாரின்றி அந்தச் சுரம் அந்தரத்தில் தொங்கியது. அது நிற்கும் இடமன்று என்பது முதன்முறையாக எனக்குக் கேட்டது. ஒரு படி ஏறி டி-யைத் தொட்டேன். நின்றது.

“அட, இது நல்லாருக்குதுங்களே” என்றார் ரோஹன். “சனிக்கிழமை நீங்களே வாசிச்சுருங்க.”

“நல்லா வந்துச்சுங்க” என்று தேஜாவும் பணிவாகச் சொன்னார்.

நன்றி சொல்வதே முறை. அந்தக் கை மறுபடி நகர்ந்துவிடுமோ என்றுதான் இருந்தது எனக்கு.

“இன்னொருக்கா பாக்கலாமுங்க” என்றேன், அவருடைய இடக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.